அண்ணன் பண்ணை, தம்பி பண்ணை

பண்ணை முதலாளி பெரிய தவுக்கே ஒரு நீல வாளியைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். நான் குனிந்து பார்த்தேன். காலத்துக்கு முன்பே விழுந்த பன்றிக்குட்டிகள். சில முழு உருவம் பெற்று, தூங்குவதைப் போல் கிடந்தன. சில வயிற்றுக்குள்ளேயே எப்போதோ செத்து, பழுப்பேறிக் காய்ந்து சுருங்கியிருந்தன.

"இது இன்னிக்குக் காலையில விழுந்தது மட்டும் டாக்டர்," என்றார் பின்னால் நின்றிருந்த மேற்பார்வையாளர். "நேத்து உள்ளத பொதச்சிட்டோம்."

நான் பன்றிப் பண்ணைகளுக்குப் போகும் கால்நடை மருத்துவர். ஜொகூர் பாருவில் ஒரு சிறிய தனியார் ஆய்வுக்கூடத்தில் வேலை. பண்ணைக்குப் போய் மாதிரி எடுத்து வருவதும் நான்தான், வைரஸின் மரபணு வரிசையைக் கணினியில் ஒப்பிட்டுப் பார்ப்பதும் நான்தான். கல்யாண வீடுகளில் யாராவது என்ன டாக்டர் என்று கேட்டால் விலங்கு டாக்டர் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். எந்த விலங்கு என்று விடாமல் கேட்பவர்களுக்கு மட்டும் பன்றி என்பேன். அதற்குப் பிறகு பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

அந்தப் பண்ணை சாஆ ஊரிலிருந்து உள்ளே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி இருந்தது. தோட்டத்துக்கு நடுவே ஒரே ஒரு செம்மண் சாலை. அதில் முதலில் வருவது அண்ணனின் பண்ணை. சாலையின் முடிவில் தம்பியின் பண்ணை. முன்பு இரண்டும் ஒன்றாக இருந்தவை. அவர்களுடைய அப்பா இறந்த பிறகு நடுவே வேலி போட்டுப் பிரித்துக்கொண்டார்கள். என்ன சண்டை என்று எனக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது. ஆட்கள் அண்ணனைப் பெரிய தவுக்கே என்றும் தம்பியைச் சின்ன தவுக்கே என்றும் சொல்வார்கள்; தவுக்கே என்றால் முதலாளி. இருவருமே என்னிடம்தான் பன்றிகளைக் காட்டினார்கள். ஜொகூரில் பன்றி பார்க்கும் டாக்டர்கள் அதிகம் இல்லை, அதனால் வேறு வழியும் இல்லை. இருவரும் போட்ட நிபந்தனை ஒன்றுதான். ஒரு பண்ணையில் பார்த்ததை இன்னொரு பண்ணையில் வாய் திறக்கக்கூடாது.

பண்ணை பிரிந்தபோது ஆட்களும் பிரிந்தார்கள். மேற்பார்வையாளர் அண்ணனிடம் இருந்தார். அவர் மனைவி, குட்டி ஈனும் கொட்டகையில் கைதேர்ந்தவர், தம்பியிடம் போனார். கணவன் மனைவிக்குள் சண்டை எதுவும் இல்லை. இரண்டு முதலாளிகளும் ஆளுக்கு ஒருவரை எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இருவரும் பழைய தோட்டக் குடும்பத்துப் பிள்ளைகள். சாலையோரத்தில் பெரிய தவுக்கேயின் நிலத்தில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தார்கள். காலையில் ஒரே மோட்டார் சைக்கிளில் கிளம்பி, அவர் மனைவியைத் தம்பியின் வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பி வந்து அண்ணனின் பண்ணைக்குள் நுழைவார்.

கொட்டகைக்குள் போனேன். தாய்ப்பன்றிகள் எழுந்திருக்கவே இல்லை. வழக்கமாக ஆள் வரும் சத்தம் கேட்டால் கம்பியை முட்டி முட்டிச் சாப்பாடு கேட்கும். அன்று தீனி அப்படியே தொட்டியில் புளித்துக் கிடந்தது. அவற்றுக்கு மூச்சு வாங்கியது. நாலைந்து பன்றிகளின் காதுகள் நீலமாகியிருந்தன.

"நீலக்காதா?" என்று கேட்டார் பெரிய தவுக்கே. நாங்கள் பேசிக்கொள்வது மலாயில்தான். இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"பாத்தா அப்படித்தான் இருக்கு."

"எங்ககிட்ட ஏற்கெனவே இருக்கிற நோய்தானே அது. இவ்வளவு நாளா ஒண்ணும் பண்ணலியே."

அவர் சொன்னது சரி. நீலக்காது நோயின் வைரஸ் அவர் பண்ணையில் பல வருஷமாகக் குடியிருந்தது. போன வருஷம்கூட நான் அதன் மரபணு வரிசையை எடுத்து வைத்திருந்தேன். சாதுவான வைரஸ். பன்றிகளுக்கும் அதற்கும் ஒரு பழக்கம் ஏற்பட்டுவிட்டிருந்தது. குட்டிகள் கொஞ்சம் இருமும், பிறகு தேறிவிடும். தாய்ப்பன்றிகள் கண்டுகொள்ளாது. அதனால் அவர் தடுப்பூசி போடுவதே இல்லை. இப்போது அதே கொட்டகையில் பன்றிகள் வரிசையாகக் குட்டியைக் கீழே போட்டுக்கொண்டிருந்தன.

"அவன் அனுப்பினது," என்றார் அவர். கையால் சாலையின் முடிவைக் காட்டினார். தம்பியின் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

அவர் பார்வை அடுத்ததாக மேற்பார்வையாளர் மேல் போய் நின்றதை நான் கவனித்தேன். அவரும் கவனித்தார். தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு வேறு வரிசைக்குப் போய்விட்டார்.

இரத்தம் எடுத்தேன். கொட்டகைகளில் பருத்திக் கயிறுகளைத் தொங்கவிட்டேன். பன்றிகள் கயிற்றைக் கண்டால் மென்று பார்க்காமல் இருக்காது. மென்ற கயிற்றைப் பிழிந்தால் எச்சில் கிடைக்கும், எச்சிலில் வைரஸ் இருக்கும். அன்று நோய்ப்பட்ட பன்றிகள் கயிற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. இளம் பன்றிகளிடம்தான் கிடைத்தது. எல்லாவற்றையும் ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு, குளித்து, உடை மாற்றி, காரின் சக்கரங்களுக்கு மருந்து அடித்துவிட்டுக் கிளம்பினேன். தம்பியின் பண்ணைக்கு அன்றைக்கு நான் போக முடியாது. போகவும் கூடாது.

யோங் பெங் வரும்வரை ஒரு சந்தேகம் என்னை அரித்துக்கொண்டிருந்தது. சின்ன தவுக்கே என்னைக் கூப்பிட்டு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அவர் அப்படி இருப்பவர் இல்லை. ஒரு குட்டி நொண்டினாலும் படம் எடுத்து அனுப்புவார்.

முடிவு வந்தபோது கணினி முன்னால் நான் மட்டும்தான் இருந்தேன். இந்த வைரஸைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தன்னை நகலெடுக்கும்போது கவனமில்லாமல் எடுக்கும். எழுத்துப் பிழைகள் விழுந்துகொண்டே இருக்கும், யாரும் திருத்த மாட்டார்கள். அதனால் ஒரே பண்ணையில் ஒரே வைரஸ் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் வேறாகிக்கொண்டே போகும். அது எனக்குப் பழக்கமான விஷயம். போன வருஷத்து வரிசையையும் இந்த வருஷத்து வரிசையையும் பக்கத்தில் வைத்து, எங்கே எழுத்து மாறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

அன்று நான் பார்த்தது வேறு. முன்பகுதி பெரிய தவுக்கேயின் பழைய வைரஸ்தான். சில பிழைகள் தவிர அப்படியே இருந்தது. நடுவில் ஒரு நீண்ட பகுதி வந்ததும் எல்லாம் மாறியது. அங்கங்கே விழுந்த பிழைகள் இல்லை, முழுக்க வேறு ஆள். பிறகு கடைசிப் பகுதியில் மறுபடி பழைய வைரஸ். நடுவில் இருந்த அந்த ஆள் யார் என்று தேடினேன். சந்தையில் விற்கும் ஒரு தடுப்பூசியின் வைரஸோடு பொருந்தியது. உயிருள்ள, ஆனால் வலுவிழக்க வைத்த வைரஸ் தடுப்பூசி.

ஒரே பன்றியின் ஒரே உயிரணுவுக்குள் இரண்டு விதமான வைரஸ் புகுந்துவிட்டால் இப்படி நடக்கும். ஒன்றை நகலெடுத்துக்கொண்டு போகிற இயந்திரம் பாதியில் தாவி இன்னொன்றை எடுக்கத் தொடங்கும். பிறப்பது புதிய வைரஸ். பெரும்பாலும் அது பிழைக்காது. பிழைத்தால், எந்தப் பன்றியின் உடம்பும் அதை முழுதாக அடையாளம் கண்டுகொள்ளாது.

பெரிய தவுக்கே அந்தத் தடுப்பூசியை ஒரு நாளும் தொட்டதில்லை. அதைப் போடுபவர் அவர் தம்பி. போடச் சொன்னவர் வேறு டாக்டர் யாரும் இல்லை, நானேதான். அது தவறான யோசனையும் இல்லை, அந்தப் பண்ணைக்கு அது தேவைப்பட்டது.

ஆனால் இப்போது இந்த வரிசையைப் பார்க்கிற எவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். இரண்டு பண்ணைகளின் வைரஸும் எப்படி ஒன்றாகச் சேர்ந்தன? இரண்டு பண்ணைக்கும் தினமும் போய்வருவது யார்? எனக்குத் தெரிந்து ஒரே ஒரு மோட்டார்தான் போய்வந்தது.

சின்ன தவுக்கேயைப் போனில் கூப்பிட்டேன்.

"பன்னிங்க எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு."

"குட்டிங்க?"

"எல்லாம் ஓகே லா. இப்போ வராதீங்க டாக்டர். வெளியில நோய் சுத்துதுன்னு கேள்விப்பட்டேன். யாரையும் உள்ள விடறதில்ல."

"எங்க சுத்துது?"

"உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

அண்ணனைக் கூப்பிட்டேன். முடிவு அவருடையது, அவருக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. ஆனால் அதைப் போனில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. "முடிவு வந்திருக்கு. உங்க பண்ணையை மட்டும் வச்சு இதைச் சரி பண்ண முடியாது. உங்க தம்பிகிட்டயும் நான் பேசணும். நீங்க அனுமதி குடுத்தாத்தான் பேசுவேன்."

"அவன்தான்னு தெரிஞ்சிடுச்சா?"

"நேர்ல சொல்றேன்."

"சொல்லுங்க. அவன்கிட்டயும் சொல்லுங்க. நான் பக்கத்துல இருந்து அவன் மூஞ்சியப் பாக்கணும்."

மறுநாள் காலை நான் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும்போது மேற்பார்வையாளர் கூப்பிட்டார். "டாக்டர், வர்றீங்கல்ல? நேரா பண்ணைக்குப் போயிடாதீங்க. முதல்ல நம்ம வீட்டுக்கு வாங்க. இங்க நிலைமை சரியில்ல."

வீட்டு வாசலிலேயே நின்று பேசினோம். அவர் மனைவி வேலைக்குப் போயிருந்தார். மேற்பார்வையாளர் சட்டைகூட மாற்றாமல் முதல் நாள் உடையிலேயே இருந்தார்.

"தவுக்கே நேத்து வந்தாரு. நாளையிலேருந்து உன் சம்சாரம் அங்க போகக்கூடாது, போனா வீட்டக் காலி பண்ணுன்னு சொல்லிட்டாரு. நான் சரின்னுட்டேன். ஆனா அவ கேக்கல. அங்கயும் குட்டிங்க சாவுது, நான் போகலன்னா யார் பாப்பான்னு சொல்லிட்டு நடந்தே போயிட்டா."

"அங்கயும் சாவுதா?"

அவர் வாயைத் தேய்த்துக்கொண்டார். "நான் சொன்னதா இருக்க வேணாம் டாக்டர். இங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அங்க ஆரம்பிச்சிருச்சு. சின்ன தவுக்கே யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. அவ எங்கிட்டயே சொல்லல. போன வாரம்தான் சொன்னா."

அப்படியானால் புதிய வைரஸ் பிறந்தது தம்பியின் பண்ணையில். அங்கிருந்து இங்கே வந்திருக்கிறது.

"அண்ணே, ஒண்ணு கேக்கறேன். தப்பா நினைக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் குளிச்சிட்டுத்தானே வெளிய வருவீங்க?"

அவர் முகம் இறுகியது. "நீங்களும் கேக்கறீங்களா?"

"கேட்டுத்தான் ஆகணும்."

"குளிக்காம வந்தா தவுக்கே விடுவாரா? பூட்ஸ் அங்கயே கழட்டிடறோம். அவ துணி அங்க, என் துணி இங்க. மோட்டார் வாசலோட சரி." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இத்தனை வருஷமா அதே மோட்டார்தான் போயிட்டு வருது. அப்பல்லாம் வராத நோய் இப்ப மட்டும் எப்படி டாக்டர் வரும்?"

நல்ல கேள்வி. பதில் தேடிக்கொண்டு நிற்கும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. சாலையின் முடிவிலிருந்து, செம்பனைகளுக்கு அப்பால், ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான பன்றிகள் கத்துகிற சத்தம். பசியில் கத்தும் பன்றிகளின் குரல் கேட்டவர்களுக்குத் தெரியும். அது கூச்சல் இல்லை, கம்பியை அறுப்பது போல இருக்கும். காதைப் பொத்திக்கொண்டாலும் பல்லில் வந்து உட்காரும்.

"தீனி லாரி இன்னும் போகல போல," என்றார் அவர். அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தார்.

காரை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அண்ணனின் வாசலைத் தாண்டியதும் சாலைக்குக் குறுக்கே ஒரு டிராக்டர் நின்றது. இரண்டு பக்கமும் வாய்க்கால். சுற்றிப் போக வழியில்லை. இந்தப் பக்கம் தீனி லாரி எஞ்சின் அணையாமல் நின்றுகொண்டிருந்தது. அதன் ஓட்டுநர் கீழே இறங்கி, நிழல் பார்த்து ஒதுங்கிவிட்டார். டிராக்டரின் இருக்கையில் பெரிய தவுக்கே தொப்பியோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பக்கம் சின்ன தவுக்கே தன் வண்டிக் கதவைத் திறந்து வைத்து நின்றார். அவருக்குப் பின்னால் அவருடைய ஆட்கள் மூன்று பேர். ஒருவர் கையில் இரும்புக் குழாய். அவர்களுக்கும் பின்னால், ஈரத் தலையோடு, மேற்பார்வையாளரின் மனைவி. குளித்துவிட்டு ஓடி வந்திருக்க வேண்டும்.

கணவன் டிராக்டருக்கு இந்தப் பக்கம், மனைவி அந்தப் பக்கம். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சகோதரர்கள் தங்கள் சீன மொழியில் ஏதோ வீசிக்கொண்டார்கள். எனக்குப் புரியவில்லை, குரல் புரிந்தது. குழாய் வைத்திருந்தவர் ஓர் அடி முன்னால் வந்தார். மேற்பார்வையாளர் போய் டிராக்டரின் முன்சக்கரத்தை ஒட்டி நின்றார். கைகளைத் தொங்கவிட்டபடி சும்மா நின்றார். அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"அண்ணே, வேணாம், இப்படி வந்துருங்க," என்றேன். அவர் நகரவில்லை.

பெரிய தவுக்கே என்னைப் பார்த்தார். "டாக்டர், நல்ல நேரத்துல வந்தீங்க. சொல்லுங்க. இவன் முன்னாடியே சொல்லுங்க."

"லாரி போகட்டும். அப்புறம் சொல்றேன்."

"சொன்னாத்தான் லாரி போகும். அங்க போற வண்டி என் வாசல் முன்னாடிதான் போகுது. அதுலதான் நோய் வருது."

கத்தல் நிற்கவே இல்லை. கணினியைத் திறந்தால் வெயிலில் திரை ஒன்றும் தெரியவில்லை. என் காரின் பின்கண்ணாடியில் செம்மண் தூசி படிந்திருந்தது. அதில் விரலால் ஒரு நீளமான கோடு இழுத்தேன்.

"இதுதான் இப்போ பன்னிங்களக் கொல்ற வைரஸ். இந்த முன்பகுதி, தவுக்கே, உங்க பண்ணையில இத்தனை வருஷமா இருந்ததேதான். கடைசிப் பகுதியும் உங்களோடது. நடுவுல இருக்கிறது," என்று தம்பியைப் பார்த்தேன், "நீங்க போடுற தடுப்பூசியில உள்ளது. ரெண்டும் ஒரே பன்னிக்குள்ள இருந்தாத்தான் இப்படி ஒட்டும்."

"பாத்தியா," என்றார் அண்ணன்.

"அவரு மட்டும் இல்ல. பாதிக்கு மேல உங்களோடது."

அவர் டிராக்டரிலிருந்து இறங்கினார். கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து, அந்தக் கோட்டைக் குனிந்து பார்த்தார், அதில் ஏதோ எழுதியிருப்பது போல.

"என் பன்னிக்கு நான் ஊசியே போடறதில்ல. அப்போ இது எங்க ஒட்டுச்சு?"

"ஊசி போட்ட பண்ணையிலதான்."

"என் வைரஸ் அங்க எப்படிப் போச்சு?"

நான் பயந்துகொண்டிருந்த கேள்வி அதுதான். அவர் என் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. திரும்பி மேற்பார்வையாளரைப் பார்த்தார். அந்தப் பக்கம் நின்ற ஆட்களும் அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாருடைய கண்ணும் அந்த இரண்டு பேர் மேல் இருந்தது.

"நீயா?" என்று கேட்டார் தவுக்கே.

மேற்பார்வையாளர் மனைவி நின்ற பக்கம் திரும்பிப் பார்த்தார். தெரியாது என்றுகூட அவரால் சொல்ல முடியவில்லை. அவருக்கே அது உறுதியில்லை என்பது எனக்குப் புரிந்தது.

"ஆளு யாருன்னு இந்தச் சோதனை காட்டாது," என்றேன். "எதோட எது சேந்துச்சுன்னுதான் காட்டும். யாரு கொண்டுபோனாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாம ஒருத்தரக் கைகாட்ட மாட்டேன்."

"வேற யார் போறா அங்க?"

அப்போது மனைவி டிராக்டரின் பின்சக்கரத்துக்கும் வாய்க்காலுக்கும் இடையில் இருந்த சின்ன இடைவெளியில் நுழைந்து இந்தப் பக்கம் வந்தார். கால் சறுக்கி முழங்கால்வரை சேறு. கணவன் பக்கத்தில் போய் நின்றார்.

"தவுக்கே, நாங்கன்னு நீங்க நினைச்சா வீட்ட இன்னிக்கே விட்டுடறோம். முதல்ல அதுங்களுக்குச் சோறு போடுங்க," என்று மலாயில் சொன்னார்.

"அவங்க இல்ல."

சொன்னது சின்ன தவுக்கே. அவரும் மலாயில்தான் சொன்னார். எங்கள் எல்லாருக்கும் புரிய வேண்டும் என்றுதான் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

"நான் உங்க பன்னிய வாங்கினேன். இளம் பன்னிங்க. வெளியூர் தரகர் ஒருத்தர் உங்ககிட்ட வாங்கிட்டுப் போனாரே, அது எனக்குத்தான்."

பெரிய தவுக்கே அசையவில்லை. "பேராக்குக்குப் போகுதுன்னு சொன்னான்."

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். லாரி வெளிய போய், பெரிய ரோட்டுல ஒரு சுத்து சுத்திட்டு, நீங்க ஊர்ல இல்லாத நாளாப் பாத்து உள்ள வந்துச்சு."

"எதுக்கு?"

"அப்பா வளத்த இனம். பிரிக்கும்போது தாய்ப்பன்னி எல்லாம் உங்க பக்கம் போயிடுச்சு. நான் வெளிய வாங்கினது எதுவும் சரியில்ல. குட்டிய நசுக்கிடுது. பால் பத்தல. அப்பா பன்னிங்க அப்படிச் செய்யாது." அவர் கீழே பார்த்தபடி பேசினார். "வந்த கொஞ்ச நாள்ல எல்லாத்துக்கும் ஊசி போட்டேன். அடுத்த மாசமே விழ ஆரம்பிச்சிருச்சு. நான் யார்கிட்டயும் சொல்லல."

"எங்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

பெரிய தவுக்கே உண்மையிலேயே யோசித்தார். அவசரப்பட்டுப் பொய் சொல்ல விரும்பாதவர் போல நின்றார்.

"இல்ல," என்றார்.

பிறகு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தன் பண்ணை வாசலை நோக்கி நடந்தார். மேற்பார்வையாளர் டிராக்டரில் ஏறி அதை ஓரமாக ஒதுக்கினார். நான் லாரிச் சக்கரங்களுக்கு மருந்து அடித்தேன். லாரி போனது. நாங்கள் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். முதலில் ஒரு கொட்டகையில் சத்தம் அடங்கியது, பிறகு அடுத்தது, பிறகு அதற்கடுத்தது. இரும்புக் குழாய் வைத்திருந்தவர் அதை வண்டிக்குப் பின்னால் போட்டுவிட்டு ஒரு சிகரெட் பற்றவைத்தார்.

தம்பியின் பண்ணையிலும் மாதிரி எடுத்தேன். அதே வைரஸ், அதே இடத்தில் ஒட்டு. அவரிடமிருந்த வரிசையில் பிழைகள் குறைவு. அண்ணனுடையதில் அதற்கு மேல் சில எழுத்துகள் மாறியிருந்தன. தம்பியிடம் பிறந்து அண்ணனிடம் போனது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

இரண்டு பண்ணைகளையும் ஒரே நேரத்தில் மூடச் சொன்னேன். புதிதாக ஒரு பன்றியும் உள்ளே வரக்கூடாது. தம்பி அந்தத் தடுப்பூசியை நிறுத்தினார். ஒரு கொட்டகை காலியானால் சுண்ணாம்பு அடித்துக் காயப்போட்டார்கள். இருக்கிற பன்றிகள் எல்லாம் நோய்ப்பட்டுத் தேறி, வைரஸுக்குப் புது உடம்பு கிடைக்காமல் போகும்வரை காத்திருக்க வேண்டும். மாதக் கணக்கில் ஆனது. ஒருவர் அவசரப்பட்டாலும் இருவருக்கும் வீண். அதனால் அவர்கள் பேசவேண்டி வந்தது, என் மூலமாக. "அவன்கிட்ட கேளுங்க, மூணாவது கொட்டகை காய்ஞ்சிடுச்சான்னு." "அவர்கிட்ட சொல்லுங்க, இன்னும் ஈரம்." இப்படித்தான் போயிற்று. நான் எதிர்பார்த்த சமாதானம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் பாதுகாப்பு விதி ஒன்றைக்கூட இருவரும் மீறவில்லை.

ஒரு நாள் பெரிய தவுக்கே போனில் கேட்டார். "அங்க போனது எப்படின்னு தெரிஞ்சிடுச்சு. திரும்பி என் பண்ணைக்கு எப்படி வந்துச்சு?"

லாரிச் சக்கரமாக இருக்கலாம், ஈயாக இருக்கலாம், காற்றாக இருக்கலாம், காட்டுப்பன்றி வேலியில் உரசியிருக்கலாம் என்றேன். மோட்டாராகவும் இருக்கலாம் என்பதையும் சொன்னேன். மறைக்க எனக்கு உரிமை இல்லை. அவர் "ம்" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் கணவன் மனைவியை அவர் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொன்னார் என்றுதான் கேள்விப்பட்டேன். வீட்டுக் கூரையைக்கூட மாற்றித் தந்தார். ஆனால் குட்டிகள் மறுபடி ஒழுங்காகப் பிறக்கத் தொடங்கிய பிறகு அவர்கள் தாங்களாகவே கிளம்பிவிட்டார்கள். ஜொகூர் பாரு பக்கம் அவருக்கு ஒரு கிடங்கில் வேலை, அவர் மனைவிக்கு ஒரு பாலர் பள்ளியில் சமையல் வேலை.

அந்த வைரஸ் இன்று அந்த இரண்டு பண்ணைகளிலும் இல்லை, அல்லது என் கயிறுகளில் சிக்கவில்லை. ஆனால் வேறு ஊரில் வேறு பண்ணையில் எடுத்த ஒரு மாதிரியில் அதே ஒட்டைப் பார்த்தேன். நிறைய எழுத்துகள் மாறியிருந்தன, ஆனாலும் அதுவேதான். எப்படி அங்கே போனது என்று அங்கேயும் கேட்டார்கள்.

போன தீபாவளிக்கு முன்பு ஜொகூர் பாருவில் ஒரு துணிக்கடையில் மேற்பார்வையாளரின் மனைவியைப் பார்த்தேன். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலை நிறையப் பூ வைத்து, முகம் தெளிந்திருந்தார். பள்ளியில் பிள்ளைகள் அவர் செய்யும் மீ கோரெங் நூடுல்ஸைத்தான் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்றார். கணவருக்கு முதுகுவலி என்றார். பேச்சு முடிந்து நான் நகரும்போது, மடித்த புடவையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அந்த நோய் பெரிய தவுக்கே பண்ணைக்குத் திரும்பி வந்தது எப்படின்னு கண்டுபிடிச்சீங்களா டாக்டர்?"

"இல்ல அக்கா."

"நாங்க இல்லன்னு சொல்ல முடியுமா?"

கடையில் கூட்டம் நெரித்தது. யாரோ என் தோளை இடித்துக்கொண்டு போனார்கள். முடியும் என்று சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாகப் போயிருப்பார். எனக்கு அது வரவில்லை.

"முடியாது அக்கா. நீங்கதான்னும் சொல்ல முடியாது."

அவர் தலையசைத்தார். "அவருக்கு அது புரியாது. இன்னமும் அந்த மோட்டார வெளிய எடுத்தா முதல்ல டயரத்தான் கழுவுவாரு," என்றார். பிறகு புடவையை விரித்து, இந்தப் பச்சை தன் நிறத்துக்கு எடுபடுமா என்று என்னிடம் கேட்டார். எடுபடும் என்றேன்.